10 அடி ஃபிரேம், 6.5 அங்குலக் கழுத்து

"அக்கா, அந்த குவில்ட் ஃபிரேம் விலை குறைஞ்சிருக்கு. என் மெஷினுக்கு ஒத்துவருமா?" என்று போன வாரம் தோழி கேட்டாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட்; அந்த மூன்றையும் கம்புகளில் மாட்டி, தையல் மெஷினைச் சக்கரத்தில் நகர்த்தியபடி தைக்க உதவும் சட்டம்தான் ஃபிரேம். மூன்று வருடமாக அப்படி ஒன்றோடு குடித்தனம் நடத்துகிறேன். நேற்றுத்தான் நூல் சுற்றி இறுகிப்போன சக்கரம் ஒன்றைக் கழற்றி மாற்றினேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விற்பவர்கள் ஃபிரேமின் அகலத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். 10 அடி, கிங் சைஸ் குவில்ட் வரை கொள்ளுமாம். கொள்ளும், பொய்யில்லை. ஆனால் நம்மைப் படுத்துவது அகலம் இல்லை, மெஷினின் கழுத்து. ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் கழுத்து என்கிறேன். வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் அது 6, 7 அங்குலம். என்னுடையது 6.5. தைத்து முடித்த துணியைச் சுருட்டும் கம்பு அந்தக் கழுத்துக்குள்தான் ஓட வேண்டும். தொடக்கத்தில் கம்பு மட்டும் இருப்பதால் நாலரை அங்குலம் கிடைக்கும்; பூவும் கொடியுமாக வளைத்து வளைத்துப் போடலாம். பாதி சுருண்டதும் மூன்றுதான். கடைசியில் கம்பு தலையணை மாதிரி உப்பிக்கொண்டு இரண்டு அங்குலம் தருவதற்கே மூக்கால் அழும். பஞ்சு தடிமனாக இருந்தால் அதுவும் போச்சு.

என் முதல் குவில்டைப் பார்த்தால் தெரியும்: தலைமாட்டில் தாமரை, கால்மாட்டில் கடுகு.

அப்புறம் பாபின், அதாவது அடிநூல் சுற்றிய சின்ன உருளை. மேலே மூடி திறந்து போடும் பாபின் என்று பெருமையாக வாங்கிய மெஷின். ஃபிரேமில் ஏற்றினால் அந்த மூடி துணிக்கு அடியில் போய்விடுகிறது. நூல் தீரும்போதெல்லாம் மெஷினை ஓரம்வரை தள்ளி, துணியை விட்டு வெளியே எடுத்து, மாற்றி, விட்ட இடத்தைத் தேடித் திரும்ப வர வேண்டும். பக்கவாட்டில் பாபின் போடும் மெஷின் வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

தையல் நீளமும் நம் கையில்தான். மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும். கை வேகமாகப் போனால் தையல் நீளும், வளைவில் தயங்கினால் ஒரே இடத்தில் குவியும். தையலைச் சீராக்கும் சென்சார் தனி விலை. எனக்கு ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது, அதனால் வாங்கவில்லை.

இன்னொன்று, துணியை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டாதீர்கள். அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேலிருந்து அந்த விரலைப் பிடிக்க வர வேண்டும், அந்தத் தளர்வு போதும். அம்மாவின் பழைய நூல் புடவையை அடித்துணியாகப் போட்டு இறுக்கினேன். ஊசி வளைந்து தையல் விட்டது, கழற்றியதும் புடவை முழுக்கச் சுருக்கம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தல்.

இவ்வளவு திட்டியாயிற்று. நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஃபிரேம் வருவதற்கு முன்னால் கூடத்துச் சோபாவை எல்லாம் ஓரம் தள்ளி, அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் தரையில் விரித்து, முட்டி போட்டுத் தவழ்ந்து முன்னூறு ஊக்கு குத்துவேன். அடுத்த இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியாது. இப்போது மூன்றையும் தனித்தனிக் கம்பில் மாட்டினால் முடிந்தது. ஊக்கு இல்லை, முட்டி வலி இல்லை, அடித்துணியில் மடிப்பு விழுவதும் இல்லை. நின்றுகொண்டே, வானொலி கேட்டபடி தைக்கிறேன். வாங்கும்போது இதை யாருமே சொல்லவில்லை!

தோழிக்கு என்ன சொன்னேன்? முதலில் டேப்பை எடுத்து ஊசியிலிருந்து தூண்வரை அள. 9 அங்குலத்துக்குக் கீழே என்றால் வாங்காதே, அந்தக் காசைச் சேர்த்து கழுத்து நீண்ட மெஷினாக வாங்கு. தொட்டில் குவில்ட் மட்டும் தைப்பாய் என்றால் சரி, நீளம் குறைவு, கம்பு அவ்வளவாக வீங்காது. பெரிய குவில்டுக்கு முழுவதும் இரண்டு அங்குல நெளிக்கோடு மட்டும் போதும் என்றாலும் சமாளிக்கலாம்.

அளந்து பார்த்தாளாம், 7. "அப்ப உங்களோடதை எனக்குப் பாதி விலைக்குக் குடுத்துடுங்களேன்" என்கிறாள். அதெல்லாம் முடியாது. அதில் ஒரு குவில்ட் பாதியில் நிற்கிறது.