69 இலட்சமும் 5 லீற்றரும்

வெள்ளவத்தையில் மாமா வீட்டு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இறால் குழம்பு தீருவதற்குள் இந்த வழக்கு தொடங்கிவிடும். மாமா ஓய்வுபெற்ற கணக்காளர். "விழுந்த நாட்டைத் தூக்கி நிறுத்தினவருக்குப் பதினேழு சதவீதம். நல்லாயிருக்கு உங்கட நியாயம்" என்று, 2024 ஜனாதிபதித் தேர்தலில் தோற்ற முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்காக வாதாடுவார். கொட்டாஞ்சேனையில் ஓட்டோ ஓடும் மச்சானோ, "சனம் வேண்டாம் எண்டா வேண்டாம்தான் மாமா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அப்பளத்தை நொறுக்குவான். ஒருவர் கையில் ஆட்சிக் கணக்கு, மற்றவன் கையில் வாக்குக் கணக்கு. எதை நம்புவது?

வாக்குக் கணக்கில், ரணிலுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்சவை மிஞ்ச ஆளில்லை. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 69 இலட்சம் வாக்குகள், 52.25 சதவீதம். அடுத்த ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் கட்சிக்கு 145 ஆசனங்கள். இதை வெறும் அலை என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அவருடைய செல்வாக்கே ஓர் ஆட்சிக் கணக்கின் மேல்தான் எழுந்தது. போர் முடிந்தபின் பாதுகாப்புச் செயலாளராக இருந்தபடி நகர அபிவிருத்தியையும் கையில் எடுத்தார். நடைபாதைகள் வந்தன, பூங்காக்கள் துலங்கின. சுதந்திர சதுக்கத்தில் மாலை நடை போனவர்கள் "வேலை செய்யிற மனுசன்" என்றார்கள். பொய்யில்லை, செய்தார்தான்.

ஆனால் அது கட்டளையிட்டால் நடந்துவிடுகிற வேலை. புல்லை வெட்டு என்றால் வெட்டுவார்கள். 2019 டிசம்பரில் வற் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக வெட்டியதும், 2021இல் இரசாயன உரத்தை ஒரே மூச்சில் நிறுத்தியதும் அதே பாணிக் கட்டளைகள்தான். திறைசேரியும் வயலும் கட்டளைக்கு அடங்கவில்லை. கடைசியில் 2022 மார்ச்சில் 13 மணித்தியால மின்வெட்டு, ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்ற அறிவிப்பு, ஜூலையில் மாளிகையை விட்டு ஓட்டம்.

இன்னொன்றும் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்போதும் பாதுகாப்புச் செயலாளர் அவர்தான். அந்த லொட்ஜுகள் சில எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆகவே "நல்ல ஆட்சிக் கணக்கு" என்று யாராவது சொன்னால், யாருடைய வாசலில் நின்று பார்த்த கணக்கு என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு முந்தியே வந்துவிட்டது. 2019இல் யாழ்ப்பாண மாவட்டம் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து நின்ற சஜித்துக்குப் போட்டது வேறெதற்காக?

சரி, ரணில். வாக்கில் ஏறக்குறைய பூச்சியம். 2020இல் கொழும்பிலேயே தோற்றார். நாடு முழுவதிலும் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். 2022 ஜூலையில் அவரை ஜனாதிபதியாக்கியவை பாராளுமன்றத்தின் 134 வாக்குகள், அதிலும் பெரும்பகுதி ராஜபக்ச கட்சிக்காரர்களுடையது. அந்த மாதங்களில் மச்சான் பெற்றோல் கியூவில் ஓட்டோவுக்குள்ளேயே படுத்து எழும்பினான். பாண் வாங்க வண்டியைப் பக்கத்து ஆளிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு ஓடுவான். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் குறியீடு வந்தது. ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். போதாது, ஆனால் கிடைக்கும் என்று தெரிந்த 5 லீற்றர். அந்தக் குறியீட்டுத் தாளை லாமினேட் பண்ணி இன்னும் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறான். ரணிலுக்கு வாக்கு மட்டும் போடவில்லை.

மாமாவின் சான்றுகள் வலுவானவை. 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் திட்டம் கையெழுத்தானது. ஆனால் வட்டியை ஒரேயடியாக ஏற்றி அந்த மருந்தைத் தொடங்கியது 2022 ஏப்ரலில் மத்திய வங்கி. அப்போது ரணில் பிரதமரும் இல்லை. இதைச் சொன்னால் மாமாவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டிவரும்.

அப்புறம், பணவீக்கம் குறைந்தது என்றால் ஏறின விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. ஏறுகிற வேகம்தான் குறைந்தது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும், ஆறு மாதத்தில் மறுபடி 66 சதவீதமும் கூடியது. 2024 ஜனவரியில் வற் 18 ஆனது. மாமாவுக்கு ஓய்வூதியமும், கனடாவிலிருந்து மகள் அனுப்புகிற டொலரும் உண்டு. மச்சானுக்கு ஓட்டோ மட்டும். இருவரும் ஒரே ரணிலைத்தான் பார்த்தார்கள், பில் மட்டும் வேறு வேறு. காசில்லை என்று உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே சொன்னது. அடுத்த மாத ஜனாதிபதித் தேர்தலில் ரணிலுக்குக் கிடைத்தது 17.27 சதவீதம்.

என்னைக் கேட்டால், 69 இலட்சத்தையும் 17.27ஐயும் ஒரே தராசில் போடுவதுதான் பிழை. முதலாவது, அந்த நாற்காலியில் இன்னும் உட்காராத ஆள் மேல் வைத்த ஆசை. அதை வைத்து ஆட்சியை மதிப்பிட முடியாது. இரண்டாவது, உட்கார்ந்து பார்த்தவருக்குக் கிடைத்த ரசீது. மாமா அதை நன்றிகெட்டதனம் என்கிறார். நான் அதை ஆட்சிக் கணக்கின் ஒரு பக்கமாகவே வாசிக்கிறேன், செலவை யார் தலையில் எழுதினார்கள் என்று காட்டும் பக்கம். அதற்காக ரணில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கியூவில் நின்ற எவரும் சொல்லமாட்டார்கள்.

அந்தத் தேர்தலில் வென்ற அநுர குமார திசாநாயக்கவின் ரசீது இன்னும் எழுதி முடியவில்லை. 2019இல் 3.16 சதவீதம், 2024 செப்டெம்பரில் 42.31. அதற்கு முன் அவர் அமைச்சில் இருந்தது 2004இல் தொடங்கி ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான். ஆக அந்த 42இல் பெரும்பங்கு ஆசைதான். நவம்பர் பொதுத் தேர்தலில் கட்சிக்கு 61 சதவீதம், தள்ளிப்போன உள்ளூராட்சித் தேர்தல் 2025 மேயில் ஒருவழியாக நடந்தபோது 43. மாமா அந்த இரண்டு எண்ணையும் பத்திரிகையில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்து மச்சானிடம் நீட்டினார். மச்சான் பார்த்துவிட்டு, "43ம் உங்கட ஆளின்ர பதினேழை விடக் கூடத்தானே மாமா" என்று சொல்லிக்கொண்டே பத்திரிகையை மடித்து இறால் கோதுகளை அதில் அள்ளினான்.