அலெக்சா கோரிக்கைகளின் கையொப்பச் சரிபார்ப்பு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவுக்காக எழுதப்படும் செயலியை ஸ்கில் என்பார்கள். அத்தகைய ஸ்கில் ஒன்றை அமேசானின் லாம்டா என்ற மேகச் சேவையில் வைக்காமல் சொந்தச் சர்வரில் இயக்குபவர், வரும் ஒவ்வொரு கோரிக்கையும் உண்மையில் அலெக்சாவிடமிருந்துதான் வருகிறதா என்பதைத் தம் நிரலிலேயே சோதித்தாக வேண்டும். சோதனையில் தேறாத கோரிக்கைக்கு 400 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் செய்யாத ஸ்கில்லுக்கு அமேசானின் ஒப்புதல் கிடைக்காது. பைத்தானில் எழுதிய ஒரு ஸ்கில்லைச் சில ஆண்டுகளாக இவ்வாறு நடத்தி வருகிறேன். சரிபார்ப்பை முதலில் நானே எழுதினேன். பின்னர் அமேசானின் அதிகாரபூர்வ லைப்ரரிக்கு மாறினேன்.

கோரிக்கையுடன் வரும் ஹெட்டர்களில் (தலைப்புத் தகவல் வரிகளில்) ஒன்று அலெக்சா இட்ட டிஜிட்டல் கையொப்பத்தையும், மற்றொன்று அதைச் சரிபார்க்க உதவும் சான்றிதழ்ச் சங்கிலி இருக்கும் இணைய முகவரியையும் தருகின்றன. அந்தச் சான்றிதழிலுள்ள பொதுச் சாவியைக் கொண்டு, கோரிக்கையின் உடற்பகுதிக்குரிய எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சுருக்க எண்) கையொப்பத்துடன் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். இந்தக் கணக்கைச் சில வரிகளில் எழுதிவிடலாம். கவனம் முழுவதும் தேவைப்படுவது அதற்கு முந்தைய படியில்தான்.

சான்றிதழின் முகவரியைச் சொல்வதே இன்னும் நம்பத் தகாத அந்தக் கோரிக்கைதான். ஆகவே முகவரியைச் சோதிக்காமல் சான்றிதழைப் பதிவிறக்கினால், முன்பின் தெரியாத ஒருவர் காட்டும் இடத்துக்கெல்லாம் நம் சர்வர் போய்வரும். முகவரி ஹெச்டிடிபிஎஸ் ஆக இருக்க வேண்டும். அமேசானின் எஸ்3 என்ற கோப்புக் களஞ்சியத்தின் பொது முகவரியில் இருக்க வேண்டும். போர்ட் குறிக்கப்பட்டிருந்தால் அது 443 ஆக இருக்க வேண்டும். பாதை அலெக்சாவுக்குரிய அடைவில், சிறிய எழுத்துகளில், அப்படியே தொடங்க வேண்டும். எஸ்3 யார் வேண்டுமானாலும் கோப்பு வைக்கக்கூடிய பொதுக் களஞ்சியம் என்பதால், முகவரியிலுள்ள சர்வர் பெயரை மட்டும் ஒப்பிடுவது போதாது. பாதையின் நடுவே இரட்டைப் புள்ளி இட்டு வேறொரு அடைவுக்குத் தாவ முடியும். ஆகையால் முகவரியை முதலில் சீராக்கிவிட்டே ஒப்பிட வேண்டும். அதன் பிறகும் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா, அலெக்சாவுக்குரிய பெயர் அதில் உள்ளதா, சங்கிலி நம்பகமான மூலச் சான்றளிப்பு நிறுவனம் வரை செல்கிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, ஹாஷை வந்த பைட்டுகளின் மீதே கணக்கிட வேண்டும் என்பது. கோரிக்கை வரும் ஜேசான் வடிவத் தரவைப் பிரித்து மறுபடி எழுதினால் பொருள் மாறாது, பைட்டுகள் மாறிவிடும். பைத்தான் தன் இயல்பில் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி சேர்க்கும். இந்தி ஸ்கில்லில் வரும் தேவநாகரி எழுத்துகளைக் குறியீட்டு எண்களாக மாற்றிவிடும். கையொப்பம் அந்தக் கணமே பொய்த்துப் போகும். நோட்.ஜேஎஸ்ஸில் எக்ஸ்பிரஸ் என்ற வலைச் சட்டகத்தைப் பயன்படுத்துவோரும் உடற்பகுதி பிரிக்கப்படுவதற்கு முன்பே மூல பைட்டுகளைப் பிடித்து வைக்க வேண்டும்.

கையொப்பம் சரியாக இருந்தாலும் அது பழைய கோரிக்கையின் நகலாக இருக்கலாம். கோரிக்கையிலுள்ள நேரம் சர்வரின் நேரத்திலிருந்து 150 விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். பயனர் ஸ்கில்லைச் சேர்ப்பது, நீக்குவது போன்றவற்றைத் தெரிவிக்கும் ஸ்கில் நிகழ்வு அறிவிப்புகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம் வரை சலுகை உண்டு. சர்வரின் கடிகாரம் என்டிபி (இணையம் வழி நேரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக ஒத்திசைந்திருப்பது இங்கே அவசியம். இல்லையேல் நேர்மையான கோரிக்கைகளும் நிராகரிக்கப்படும்.

இவ்வளவையும் அதிகாரபூர்வ லைப்ரரி ஒரே அழைப்பில் செய்கிறது. பதிவிறக்கிய சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொள்வதால் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழை நிரலுக்குள் நிலையாகப் பதித்து வைக்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அமேசான் அதை மாற்றும் நாளில் ஸ்கில் நின்றுவிடும். உருவாக்கும்போது வசதிக்காகச் சரிபார்ப்பை அணைத்து வைக்க லைப்ரரி இடம் தருகிறது. அந்த அமைப்பு உண்மையான சர்வருக்குப் போய்விடாதபடி, தவறான கையொப்பம் கொண்ட கோரிக்கை ஒன்றை அனுப்பி 400 வருகிறதா என்று பார்க்கும் சோதனையை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுகிறேன்.