கோடிங்கா, மென்பொருள் நிறுவனமா, மருத்துவமனையிலேயே இருப்பதா?

நான்கைந்து ஆண்டுகள் வார்டில் நின்ற செவிலியர்கள் பலருக்கு இப்போது நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் (மருத்துவமனையின் கணினிப் பதிவுகளை வார்டு வேலைக்கு ஏற்றபடி அமைக்கும் செவிலியப் பணி) பக்கம் போகலாமா என்ற எண்ணம் வருகிறது. சென்னையில் விசாரித்தால் மூன்று வழிகளைச் சொல்வார்கள்: மெடிக்கல் கோடிங், மருத்துவ மென்பொருள் நிறுவனம், வேலை பார்க்கும் மருத்துவமனையின் கணினிக் குழு. மூன்றையும் ஒரே பெயரில் விற்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கோடிங்கில் எளிதாக நுழைந்துவிடலாம். அமெரிக்க நோயாளியின் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீடும் சிகிச்சைக்கு சிபிடி குறியீடும் போட வேண்டும். காப்பீட்டு பில் அதை வைத்துத்தான் போகிறது. சிக்கல் எதுவும் இல்லாத டைப் 2 நீரிழிவு என்றால் இ11.9. நீரிழிவால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றால் இ11.22, கூடவே சிறுநீரக நோயின் நிலைக்கு இன்னொரு குறியீடு. உடற்கூறும் மருந்துப் பெயர்களும் அறிந்த செவிலியருக்கு சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வு பெரிய மலை அல்ல. நைட் டியூட்டியிலிருந்தும் பெரும்பாலும் விடுதலை. கைக்குழந்தையோடு வீட்டில் துணையில்லாமல் இருப்பவர் இதைத் தேர்ந்தெடுத்தால் நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இது இன்ஃபர்மேட்டிக்ஸ் அல்ல. யாரோ எழுதி முடித்ததைப் படிக்கும் வேலை. அந்தக் குறிப்பு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் கோடருக்குப் பெரிதாகக் குரல் இல்லை. மணிக்கு இத்தனை சார்ட் (நோயாளிக் குறிப்பு) என்ற இலக்கும், 95 சதவீதத் துல்லியம் வேண்டும் என்ற கெடுபிடியும் தலைக்கு மேல் நிற்கும். எளிய சார்ட்டுகளுக்கு மென்பொருளே குறியீடு பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வளைகுடா வேலைகளுக்கு அண்மைக்கால வார்டு அனுபவம் கேட்பார்கள். கோடிங்கில் கழிந்த ஆண்டுகள் அங்கே இடைவெளியாகத்தான் கணக்காகும்.

மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் நன்றாக இருக்கும். ஆனால் வார்டை மட்டும் அறிந்து உள்ளே போகிறவரைப் பெரும்பாலும் டெஸ்டிங்கிலோ, வாடிக்கையாளர் அழைப்புகளிலோ உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனையில் மென்பொருளை நிறுவிய அனுபவத்தோடு போகிறவருக்குத்தான் பேச்சில் மரியாதை. எபிக் என்ற அமெரிக்க மருத்துவமனை மென்பொருளுக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் பயிற்சி மையங்களை நம்பாதீர்கள். எபிக்கைப் பயன்படுத்தும் மருத்துவமனையோ நிறுவனமோ அனுப்பினால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். தனியாள் கடையில் வாங்கும் சரக்கு அல்ல அது.

மூன்றாவது வழிக்கே என் ஓட்டு. ஏன் என்பதற்கு ஒரு வார்டுக் காட்சி போதும். காலை 7 மணிக்கு இன்சுலின் என்று மென்பொருளில் பதிவாகியிருக்கிறது. உணவு வண்டி வருவதோ 8.15-க்கு. சாப்பாடு வராமல் ஊசி போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்று செவிலியர் காத்திருக்கிறார். திரை 'தாமதம்' என்று சிவப்பு காட்டுகிறது. ஒரு வாரத்தில் எல்லோரும் 7 மணிக்கே 'கொடுத்தாயிற்று' என்று தட்டிவிட்டு, 8.15-க்கு ஊசி போடப் பழகிவிடுவார்கள். அறிக்கையில் எல்லாம் பச்சை. பதிவு மட்டும் பொய். அந்த மருந்தைக் கடிகாரத்தோடு கட்டாமல், குளுக்கோமீட்டர் அளவைப் பதிந்த பின், உணவுக்குச் சற்று முன் என்று மாற்ற வைப்பவர்தான் இன்ஃபர்மேட்டிக்ஸ் செவிலியர். புரோகிராமருக்கு உணவு வண்டியின் நேரம் தெரியாது.

தேவையும் கூடி வருகிறது. மருத்துவப் பதிவுகளைக் கணினியில் இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது 2021-இல். மருத்துவமனைகளுக்கான டிஜிட்டல் தரநிலைகளை, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் வெளியிட்டது 2023-இல். பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்திலேயே இன்ஃபர்மேட்டிக்ஸ் இப்போது இரண்டாம் பருவப் பாடம்.

குறை இல்லாமல் இல்லை. பல இடங்களில் பதவிப் பெயர் ஸ்டாஃப் நர்ஸ்தான், சம்பளமும் அதேதான், நள்ளிரவில் கணினி முடங்கினால் போன் மட்டும் உங்களுக்கு வரும். புதிய பதவிப் பெயரை எழுத்தில் வாங்காமல் ஓராண்டுக்கு மேல் இழுக்க விடாதீர்கள்.

அமெரிக்கக் கனவு இருப்பவருக்கும் இந்த வழியே பொருந்தும். அங்கே செவிலியர்களுக்குச் சான்றளிக்கும் ஏஎன்சிசி அமைப்பின் இன்ஃபர்மேட்டிக்ஸ் தேர்வுக்கு ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) உரிமம், பட்டம், இரண்டாண்டு முழுநேரச் செவிலியப் பணி, 30 மணி நேரத் தொடர்கல்வி ஆகியவற்றோடு, கடைசி மூன்று ஆண்டுகளில் 2,000 மணி நேரம் இத்துறைப் பணியையும் கேட்கிறார்கள். இத்துறையில் முதுகலைப் படிப்பு இருந்தால் அந்த மணிக்கணக்கு குறையும். அதற்காக இங்கே வேலையை விட்டுவிட்டு முதலில் முதுகலைக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என்ன படிக்க வேண்டும் என்பது வேலை பார்த்த பிறகுதான் தெளிவாகும்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு இல்லை. மருத்துவமனைக்குப் புதிய மென்பொருள் வரும்போது பயிற்சியாளராகப் பெயர் கொடுங்கள். ஸ்னோமெட் (மருத்துவச் சொற்களுக்கான பொதுக் குறியீட்டுத் தொகுப்பு) அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசம். எக்செல் கைவந்த பிறகு தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்கியூஎல் மொழியைக் கொஞ்சம் பழகுங்கள். கணினிக் குழுவுக்கான நேர்முகத்தில் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: மருந்துத் திரையில் ஒரு மாற்றம் வேண்டும் என்றால் இங்கே யார் ஒப்புதல் தருகிறார்? அந்தக் குழுவில் செவிலியர் ஒருவர்கூட இல்லை என்று பதில் வந்தால், உங்களை அழைப்பது போன் எடுக்கத்தான்.