பெண்களுக்கான தலைமைப் பயிற்சி: ஒத்திகை அருமை, மற்றது சுமார்

அலுவலகத்தில் சேர்த்துவிட்ட இணையவழிப் பயிற்சி இது. பதவி உயர்வு கேட்கும் ஒத்திகைதான் உருப்படியான பகுதி. மேலாளராக நடிக்கும் பயிற்சியாளர், நாங்கள் கேட்டு முடித்ததும் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனம் தாங்காமல் பலரும் கோரிக்கையைத் தாங்களே குறைக்க ஆரம்பித்தார்கள்! வீடியோவைப் போட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது. உடை, குரல் பற்றிய வகுப்புகள் சுமார் ரகம்.

அப்புறம், பதவி உயர்வை முடிவுசெய்பவர்கள் யாரும் இந்தப் பயிற்சிக்கு வருவதில்லை. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் லீன்இன் என்ற பெண்கள் முன்னேற்ற அமைப்பும் இணைந்து வெளியிட்ட 2024 அறிக்கைப்படி, அமெரிக்க நிறுவனங்களில் முதல்முறை மேலாளராக உயரும் 100 ஆண்களுக்குப் பெண்கள் 81 பேர்தான். எங்களை மட்டும் திருத்தினால் போதுமா? வழிகாட்ட ஒருவரைத் தருகிறார்கள், சரி. தேர்வுக் கூட்டத்தில் எங்கள் பெயரை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? ஒத்திகையைத் தனியாக எடுக்க முடிந்தால் எடுங்கள். மூன்று நட்சத்திரம்.