கெர்னலின் பஸ் ஆப்ஷன்கள்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்ததில்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நானே கம்பைல் செய்து ஓட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் ஒரு டெஸ்க்டாப், கையோடு ஒரு லேப்டாப். இரண்டிலும் சொந்த கான்ஃபிக்தான், அதாவது கெர்னலில் எவை இருக்க வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்த பட்டியல். இந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. டிரைவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளுங்கள். பஸ், அதாவது சாதனங்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் தடம், அதற்கான ஆப்ஷன்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு டிரைவரை எடுத்தால் ஒரு சாதனம் வேலை செய்யாது, அவ்வளவுதான். பிசிஐ பஸ்ஸில் இருப்பவற்றைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் பட்டியலிலாவது அந்தச் சாதனம் நிற்கும். பஸ்ஸையே எடுத்துவிட்டால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் கெர்னலுக்குத் தெரியாது. லாக்கில் ஒரு வரிகூட வராது, எங்கே தேடுவது என்றும் புரியாது.

கான்ஃபிக் மெனுவில் பஸ் ஆப்ஷன்கள் இருக்கும் இடமே புதிதாக வருபவரை அலைய வைக்கும். பழைய வழிகாட்டிகள் 'பஸ் ஆப்ஷன்ஸ்' என்ற தனி மெனுவைக் காட்டும். 2019-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து பிசிஐ சமாச்சாரம் 'டிவைஸ் டிரைவர்ஸ்' மெனுவுக்குக் குடிபோய்விட்டது. எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள்) பழைய மெனு இன்னும் இருக்கிறது. அதில் மிஞ்சியிருப்பது எம்எம்கான்ஃபிக் (பிசிஐ சாதனங்களின் கான்ஃபிக் பகுதியை மெமரி வழியாகப் படிக்கும் வசதி), ஐஎஸ்ஏ (பழைய கார்டு பஸ்) என்று கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் எம்எம்கான்ஃபிக்கில் கை வைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சாதனமும் தன் விவரங்களை வைத்திருக்கும் கான்ஃபிக் பகுதியில் முதல் 256 பைட்தான் படிக்கக் கிடைக்கும். பிசிஐயின் இன்றைய வடிவமான பிசிஐ எக்ஸ்பிரஸில் அந்தப் பகுதி 4096 பைட். பிழைப் பதிவு வசதியான ஏஇஆர் உட்படப் பலதும் 256-க்கு அப்பால்தான் இருக்கிறது.

மெனுவுக்குள் தடுமாறாமல் இருக்க ஸ்லாஷ் விசையை அழுத்தித் தேடுங்கள். ஒரு டிரைவர் மெனுவில் காணவே இல்லை என்றால், தேடல் முடிவின் 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியைப் பாருங்கள். அது எந்த பஸ்ஸை நம்பியிருக்கிறது, அந்த பஸ் இப்போது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். 'டிரைவரையே நீக்கிவிட்டார்கள்' என்று பலர் நினைக்கும் இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது விஎம்டி, டிஸ்க்குகளைத் தனக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் இன்டெல் வசதி. லேப்டாப் வாங்கியதும் சொந்த கெர்னலை ஏற்றினேன். என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸில் இணையும் எஸ்எஸ்டி) டிரைவர் உள்ளேயே இருந்தும் டிஸ்க் தெரியவில்லை. எல்எஸ்பிசிஐ கொடுத்துப் பார்த்தால் என்விஎம்இ என்று தனியாக எதுவும் இல்லை, இன்டெல்லின் ரெய்டு கன்ட்ரோலர் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. பயாஸில் விஎம்டி ஆன் ஆகியிருந்தால் டிஸ்க் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். கெர்னலில் விஎம்டி ஆப்ஷனை வைத்து மறுபடி பூட் செய்ததும் 10000 என்று தொடங்கும் ஒரு புது பிசிஐ டொமைன் (தனி முகவரித் தொகுதி) முளைத்தது, டிஸ்க்கும் அதற்குள் இருந்தது. பயாஸிலேயே விஎம்டியை அணைத்துவிடலாம்தான். ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால் அது பூட் ஆகாமல் போகலாம், அதனால் கெர்னல் பக்கம் சரிசெய்வதே நல்லது. ரூட் பார்ட்டிஷன் அங்கே இருக்கிறது என்றால் விஎம்டியை கெர்னலுக்குள்ளேயே வையுங்கள். தனியாக ஏறும் மாட்யூலாக வைத்தால், பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறையான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்த்தாக வேண்டும்.

எம்எஸ்ஐ, அதாவது சாதனம் சிபியுவைக் கூப்பிடும் இன்டரப்டை மெசேஜாக அனுப்பும் வசதி, அது பற்றி யோசிக்கவே தேவையில்லை, இருக்கட்டும். என்விஎம்இ டிஸ்க் பல கியூக்களை (வேலை வரிசைகளை) வைத்து வேகமாக ஓடுவதே தனித்தனி இன்டரப்ட்கள் கிடைப்பதால்தான்.

ஏஎஸ்பிஎம் அப்படியல்ல, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க்கைத் தூங்க வைத்து மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி அது. கான்ஃபிக்கில் டிஃபால்ட், பவர்சேவ், பவர்சூப்பர்சேவ், பெர்ஃபார்மன்ஸ் என்று நான்கு கொள்கைகள் கேட்கும். நான் டிஃபால்ட்டை வைத்துவிடுவேன், அதாவது பயாஸ் அமைத்தபடியே. கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஏஎஸ்பிஎம்முக்கு ஒரு பாலிசி கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் நான்கு பெயரும் ஒரே வரியில் இருக்கும், நடப்பில் உள்ளது சதுர அடைப்புக்குள் நிற்கும். பேட்டரியில் ஓடும்போது பவர்சேவுக்கு மாற்றுவேன், மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பில் இதைத் தொடுவதே இல்லை. பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) 'ஃபோர்ஸ்' கொடுத்துக் கட்டாயப்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. சிஸ்டம் உறைந்துபோகலாம் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கும் வேலை அது, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏஇஆர் விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. லாக் முழுக்க 'கரெக்டட்' (தானாகவே சரியாகிவிட்ட) பிழைகள் கொட்டும்போது, பூட் வரியில் ஏஇஆரை அணைத்துவிடு என்பதுதான் எங்கும் கிடைக்கும் அறிவுரை. டெஸ்க்டாப்பில் எனக்கும் அப்படிக் கொட்டியது. எல்லா வரியிலும் ஒரே முகவரி, வைஃபை கார்டு இருந்த ஸ்லாட். கார்டைக் கழற்றி, முனையைத் துடைத்து, அழுத்திச் செருகினேன், செய்தி நின்றது. ஏஇஆரை அணைத்திருந்தால் தளர்ந்த கார்டு அப்படியே இருந்திருக்கும், எனக்குத்தான் தெரியாமல் போயிருக்கும்.

பழைய பஸ்கள் பற்றிக் கவலை வேண்டாம். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த மைக்ரோ சேனல் பஸ்ஸுக்கான ஆதரவு 2012-இல் 3.5 பதிப்போடு போய்விட்டது. ஐஎஸ்ஏ பஸ் ஆப்ஷன் பிசி/104 மாதிரித் தொழிற்சாலை போர்டு வைத்திருப்பவர்களுக்கு, லேப்டாப்காரர்கள் எடுத்துவிடலாம். மாறாக, லேப்டாப்பில் டச்பேட் ஐ2சி என்ற சிறு பஸ்ஸில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்டெல் என்றால் ஐ2சி ஹிட் (டச்பேடுக்கான டிரைவர்) மட்டும் போதாது, ஐ2சி கன்ட்ரோலருக்கான எல்பிஎஸ்எஸ், டிசைன்வேர், அந்த சிப்செட்டுக்கான பின் கன்ட்ரோல் எல்லாம் சேர்ந்தால்தான் கர்சர் நகரும்.

கான்ஃபிக்கைச் சுருக்க 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' அருமையான கருவி. ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதியது, 2009-இல் வந்த 2.6.32 முதல் கெர்னலோடு கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். அதனால் டாக் (லேப்டாப்போடு செருகும் இணைப்புப் பெட்டி), கார்டு ரீடர், யுஎஸ்பி ஈதர்நெட் என்று எப்போதாவது பயன்படுத்துவதையும் செருகிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். தண்டர்போல்ட் டாக் இருந்தால் ஓடும்போதே செருகவும் கழற்றவும் உதவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஹாட்பிளக்கையும் கையால் சரிபாருங்கள். தண்டர்போல்ட் ஆப்ஷனைத் தேடினால் 5.6 முதல் அது யுஎஸ்பி4 என்ற பெயரில் இருக்கும்.