பத்தரை மணிக் காவல்: நேஷன்ஸ்டேட்ஸ் ஆடிப் பார்த்தவனின் மதிப்புரை

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்களில் என் மேசையில் ஈ ஓட்டலாம். அப்படி ஒரு நாளில்தான் அக்கா மகன் என் கைப்பேசியில் நேஷன்ஸ்டேட்ஸைத் திறந்து கொடுத்தான். "மாமா, ஒரு நாட்டை உண்டாக்குங்கள். வரியும் உங்கள் இஷ்டம், சட்டமும் உங்கள் இஷ்டம்" என்றான். வீட்டில் எதுவும் என் இஷ்டப்படி நடப்பதில்லை, ஆகவே உடனே உண்டாக்கிவிட்டேன். தேசிய விலங்கு ஆவுளியா என்னும் கடற்பசு.

ஆட்டம் இலவசம். 2002 நவம்பரில் மேக்ஸ் பேரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் தன் நாவலுக்கு விளம்பரமாகத் தொடங்கியது. நாவலை நான் படித்ததில்லை. தினமும் சில பிரச்சினைகள் வரும். நாம் எடுக்கும் முடிவுக்கு ஏற்ப நாடு வளரும், அல்லது நாறும். படமும் ஓசையும் குறைவு, எல்லாம் எழுத்து. அதனால் சிக்னல் ஒற்றைக் கோட்டில் தள்ளாடும் இடத்திலும் பக்கம் திறந்துவிடும். முழுவதும் ஆங்கிலம் என்பது ஒன்றுதான் தொல்லை. இவ்வளவு மட்டும் என்றால் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். என்னைப் பிடித்துக்கொண்டது உளவு.

வேறு சில நாடு கட்டும் ஆட்டங்களில் ஒற்றர்களை முட்டை வாங்குவதுபோல எண்ணி வாங்கலாம். ஐம்பது பேரை அனுப்பினால் இத்தனை சதவீதம் வெற்றி என்று கணினி பகடை உருட்டிச் சொல்லிவிடும். இதில் அந்தப் பொத்தானே கிடையாது. நாடுகள் கூடி இருக்கும் குழுவுக்கு வட்டாரம் என்று பெயர். எந்த நாடு எந்த வட்டாரத்துக்குள் நுழைந்தது, யாருக்கு ஒப்புதல் கொடுத்தது என்பதெல்லாம் நிகழ்வுப் பட்டியலில் எல்லோர் கண்ணிலும் படும். மறைந்திருப்பது மனிதர்களின் பேச்சு மட்டும்தான். யாரையாவது ஒற்றறிய வேண்டும் என்றால் அவர்களோடு பழக வேண்டும், சிரிக்க வேண்டும், நம்பவைக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஏழு நாடுகள். அதை நிறுவியவன் மருமகன். ஆட்டத்துக்குள்ளேயே ஐ.நா. சபை போல இருக்கும் உலக மன்றத்தில் உறுப்பினரான நாடுகள் தரும் ஒப்புதல்களை வைத்து வட்டாரப் பிரதிநிதி தேர்வாவார். ஓர் ஆள் எத்தனை நாடு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; மன்றத்தில் சேர்க்க ஒன்றுக்குத்தான் அனுமதி. நானும் மருமகனும் ஒரே வீட்டு இணைப்பில் இருப்பதால், வம்பு வேண்டாம் என்று நான் மட்டும் சேர்ந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் டீச்சர்தான் பிரதிநிதி. இந்த ஒப்புதல் கணக்கை ஆட்டம் ஒரு நாளில் இரண்டு முறைதான் பார்க்கும். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவிலும் நண்பகலிலும் அது தொடங்கும். நமக்குக் குளிர்காலத்தில் காலை பத்தரை, இரவு பத்தரை. வட்டாரத்தைப் பிடிக்க வருகிறவர்கள் அந்த நேரத்துக்குச் சற்று முன்னால், தங்கள் ஆளுக்கு ஒப்புதல் கொடுக்கக் கூட்டமாக உள்ளே குதிப்பார்கள்.

2019 ஜனவரியில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். தூத்துக்குடிப் பக்கம் பிளஸ் டூ படிப்பதாகவும், அப்பா கடல் தொழில் செய்வதாகவும் சொன்னான். எங்கள் வாட்ஸப் குழுவிலும் சேர்த்துக்கொண்டோம். மருமகனும் அப்போது பிளஸ் டூ. பொங்கலோடு அவன் ஆட்டத்தைத் திறப்பதை நிறுத்திவிட்டான். விடுமுறை நிலையில் வைத்திருந்தால் அறுபது நாள் தாங்கியிருக்கும். அதைச் செய்ய மறந்துவிட்டான். இருபத்தெட்டு நாள் திறக்காத நாடு அழிந்துவிடும் என்பது விதி, அப்படியே அழிந்தது. அன்றைய விதிப்படி நிறுவனர் இல்லாத வட்டாரத்தில் பிரதிநிதி வைத்ததுதான் சட்டம். வேண்டாதவர்களை வெளியே தள்ளவும் அவரால் முடியும். எனவே இரவுதோறும் முறை வைத்துக் காவல் இருக்கத் தொடங்கினோம்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் அந்தப் பையன், "அப்பா போன படகு இன்னும் கரைக்கு வரவில்லை, பயமாக இருக்கிறது" என்று எழுதினான். கடற்கரையில் வளர்ந்தவனிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், வேறு எதையும் யோசிக்க மாட்டான். நண்டு கம்பெனி வைத்திருக்கும் நண்பர் தெரிந்தவர்கள் மூலம் விசாரிக்கிறேன் என்றார். டீச்சர் இரவெல்லாம் அவனுக்கு ஆறுதல் எழுதினார். "யாராவது விழித்திருப்பீர்களா?" என்று அவன் கேட்டான். "தினமும் பத்தரை மணிக்குக் காவலுக்கு வருவோம் தம்பி, அப்போது பேசு" என்று எழுதியவன் நான். காவல் நேரத்தை எதிரியின் கையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அந்த வழக்கம் இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது. இரவு பத்தேகாலுக்கு நான் கைப்பேசியை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆட்டம் ஒன்பதரைக்கே கணக்குப் பார்த்துவிட்டது. டீச்சருக்கு நான்கு ஒப்புதல், பையனுக்கு ஒன்பது. வட்டாரத்தின் கொடி மாறியிருந்தது. என் ஆவுளியா நாடு வெளியேற்றப்பட்டவர்கள் போய்ச் சேரும் இடத்தில் கிடந்தது. அன்று அவன் வாட்ஸப்பில் எழுதிய கடைசி வரி: "அப்பா நலம். அவர் வங்கியில் வேலை செய்கிறார்."

பரீட்சை முடிந்ததும் மருமகன் தன் நாட்டை மீட்டெடுத்தான். அழிந்த நாட்டை உரியவர் திரும்பத் திறக்கலாம். அதோடு நிறுவனர் அதிகாரமும் திரும்பி வந்தது. வந்தவர்களைத் துரத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. இழந்ததும் பெற்றதும் இவ்வளவுதான். ஆனால் இதற்குப் பின் வந்த விவாதம்தான் இந்த ஆட்டத்துக்கு நான் இத்தனை மதிப்பெண் தரக் காரணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் மெஷின் நின்றுவிட்டது. மாலையில் கம்பெனித் திண்ணையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து எங்கள் வட்டாரத்துக்கு உளவுச் சட்டம் எழுதினோம். ஆட்டத்தை நடத்துகிறவர்கள் உளவை அரசியலில் ஒரு பகுதியாக விட்டுவிடுகிறார்கள். ஒருவரே மன்றத்தில் இரண்டு நாடு சேர்ப்பதும், ஒருவரின் சொந்த வாழ்க்கை விவரத்தை அம்பலமாக்குவதும் போன்றவைதான் குற்றம். மற்றபடி எது தகும், எது தகாது என்பதை ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

டீச்சர் கண்டிப்பாக இருந்தார். "ஒற்றனைப் பிடித்தால் நிரந்தரத் தடை. நாமும் யாரையும் அனுப்பக்கூடாது" என்றார். நண்டு கம்பெனி நண்பர் ஒப்பவில்லை. "அவன் ஆடிய ஆட்டம் நல்ல ஆட்டம், டீச்சர். தோற்றதற்குச் சட்டம் போடக்கூடாது. நாமும் நான்கு இடத்தில் ஆள் வைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது." வேறு வட்டாரத்தில் நாடு வைத்திருப்பவர் அறிவித்துவிட வேண்டும் என்று ஒரு விதியை நான் முன்வைத்தேன். "அறிவித்துவிட்டுப் போகிறவனுக்கு ஒற்றன் என்றா பெயர், அண்ணன்?" என்று அவர் கேட்க, திண்ணையே சிரித்தது. அந்த விதி அன்றே செத்தது.

முடிச்சை அவிழ்த்தவர் என் சித்தப்பா. நாற்பது வருடம் படகு ஓட்டியவர். ஆட்டத்தை அவர் பார்த்ததுகூட இல்லை, டீ குடிக்க வந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "மீன் எங்கே பட்டது என்று கேட்டால் எவனாவது உண்மை சொல்வானா? கிழக்கே பட்டால் மேற்கே என்பான். ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த பாரை, மீன் கூடும் கடலடிப் பாறையை, உடன்பிறந்தவனுக்குக்கூடக் காட்ட மாட்டான். அதற்காக யாரும் யாரோடும் பேசாமல் இருப்பதில்லை. ஆனால் இன்ஜின் நின்றுவிட்டது, வந்து இழுத்துக்கொண்டு போ என்று பொய் சொன்னவன் இந்தக் கரையில் இருக்க முடியுமா? அடுத்த முறை நிஜமாக நின்றவனுக்கு யார் போவார்கள்?" என்றார். சொல்லிவிட்டு டீக் கிளாசைக் கழுவி வைத்தார்.

முதல் விதி அப்படியே எழுதப்பட்டது: ஆட்டத்தைப் பற்றி எந்தப் பொய்யும் சொல்லலாம், ஆட்டத்துக்கு வெளியே உள்ள ஆபத்தையோ நோயையோ சாவையோ பொய்யாகச் சொல்லக்கூடாது. அதை மீறியவனுக்குத்தான் நிரந்தரத் தடை. மற்ற ஒற்றர்களைப் பிடித்தால் வெளியே அனுப்பிவிட்டு ஒரு கும்பிடு போடுவோம். இரண்டாவது விதி டீச்சருடையது. உரையாடலைப் படம் பிடித்துக் காட்டி ஒருவரைத் துரோகி என்பது இங்கே அன்றாடம் நடக்கிறது. அந்தப் படத்தை யாரும் போலியாகச் செய்யலாம். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துப்போனால்தான் நம்பச் சொல்கிறது. அதைச் சட்டமாக்கினோம். மூன்று ஒற்றர்களுக்கு எங்கே போவது என்பது வேறு கதை. பக்கம் மாறி வருகிற ஒற்றனுக்கு மன்னிப்பு உண்டா என்ற மூன்றாவது விதியில் வாக்குகள் சமமாகி நின்றன. அதற்குள் ஜூன் 14 வந்துவிட்டது. ஐஸ் உடைக்கும் சத்தத்தில் யார் பேசுவதும் காதில் விழவில்லை. அது இன்றுவரை நிலுவையில்தான் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கரை தருகிறேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது ஆங்கிலத்துக்காக. பொறுமை இல்லாதவர்களும், இரண்டு நாளில் வெற்றி பார்க்க நினைப்பவர்களும் பகடை உருட்டும் ஆட்டங்களுக்கே போகலாம். சேர்கிறவர்கள் பரீட்சைக் காலத்தில் விடுமுறை நிலையைப் போட மறக்க வேண்டாம். எங்கள் வட்டாரத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

ஐஸ் கம்பெனிக் கரும்பலகையின் மூலையில் "நவம்பர் – மார்ச் 10.30, மார்ச் – நவம்பர் 9.30" என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். முதலாளி ஒருமுறை அது என்ன என்று கேட்டார். லோடு நேரம் என்று சொல்லியிருக்கிறேன்.