முந்நூறு ரூபாய்க் கடிகாரமும் பாம்பன் காற்றும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், இராமேசுவரம் கடைத்தெருவில் 320 ரூபாய் கொடுத்து ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். பொதுத்தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போகும் ஆசிரியர்கள் கைப்பேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சுவர்க்கடிகாரம் இல்லாத அறை வாய்த்துவிட்டால், மூன்று மணி நேரத்துக்கும் கையில் கட்டியிருப்பதுதான் கதி. அந்தத் தேவைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பானேன் என்ற எண்ணத்தில்தான், பொன்னிறச் சங்கிலிப் பட்டையும் நீல டயலும் கொண்ட அந்தக் கடிகாரத்தை எடுத்தேன். உடன் வந்திருந்த என் நாத்தனாரும் அதே கடையில் அதே மாதிரியில் பச்சை டயல் ஒன்றை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். அவருடையது இன்றும் ஓடுகிறது. என்னுடையது பத்து மாதத்தில் நின்றது. இந்த மதிப்புரையை எழுத வைத்தது அந்த வேறுபாடுதான்.

நான் குடியிருப்பது பாம்பனில். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். புதிதாகப் பூட்டிய சன்னல் கொண்டி மறு மழைக்காலத்துக்குள் சிவந்துவிடும் ஊர் இது. கடிகாரத்தின் பொன்னிறம் ஆறாவது வாரத்தில் போகத் தொடங்கியது, அதுவும் மேற்பக்கத்தில் அன்று, மணிக்கட்டில் படும் உட்பக்கத்தில். முதலில் கடுகளவு கொப்புளங்கள் எழுந்தன. நகத்தால் கீறினால் முலாம் சருகாக உரிந்து, அடியில் சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. ஆனி மாதம் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பட்டையைக் கோத்திருந்த சிறு ஊசி முறிந்து, கடிகாரம் முன்னால் நின்றவரின் கூடைக்குள் விழுந்தது. நல்ல வேளையாக அதில் கருவாடு இல்லை, வெற்றிலைதான் இருந்தது. ஐப்பசி மழையில் கண்ணாடிக்கு உட்பக்கம் மூடுபனி போல நீர் படிந்தது; வெயிலில் வைத்தால் மறையும், மாலையில் திரும்ப வரும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு அறையில், "டீச்சர், மணி என்ன?" என்று இரண்டாம் முறை கேட்ட மாணவிக்கும் பத்தேகால் என்றே நான் சொன்னபோது, வகுப்பே நிமிர்ந்து பார்த்தது.

விற்ற கடைக்குத்தான் முதலில் போனேன். ஆறு மாத உத்தரவாதம் என்று முத்திரை குத்திய அட்டை மட்டும் தந்திருந்தார்கள், ரசீது தரவில்லை. ஆறு மாதம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டு திரும்பியிருப்பேன். "தண்ணி பட்டிருக்கு, எங்க பொறுப்பில்ல" என்றதைத்தான் ஏற்க முடியவில்லை, ஏனெனில் டயலின் அடியில் தண்ணீர் தாங்கும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. பின்னர் தெரிந்துகொண்டபடி, கடிகாரத்தில் 30 மீட்டர் என்றே போட்டிருந்தாலும், அது ஆய்வகத்தில் அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவே தவிர, அத்தனை ஆழத்தில் மூழ்கலாம் என்ற அனுமதி அன்று. கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் மழைத்தூறலுக்கும் அது போதும், நீந்துவதற்கும் தீர்த்தமாடுவதற்கும் போதாது. அந்த விளக்கம் அச்சிலும் இல்லாமல், சொல்லி விற்பவரும் இல்லாமல், வாங்குபவருக்கு இது எப்படித் தெரியும்? ரசீது தராமல் விற்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் 320 ரூபாய்க்காக எத்தனை முறை பேருந்து ஏறுவது என்பதைக் கடைக்காரரும் அறிவார், நானும் அறிவேன். முறிந்த ஊசிக்குப் பதில் வேறு ஊசியைக் காசு வாங்காமல் போட்டுத் தந்ததையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

நான் உண்மையில் பாராட்ட விரும்புவது இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பழுதுபார்ப்பவரின் சேவையை. எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைக்கிறார்கள். கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு, மெல்லிய கத்தி முனையால் பின் மூடியை நெம்பித் திறந்தவர், ஒன்றும் சொல்லாமல் லென்சை என்னிடம் நீட்டினார். மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் ஓரிடத்தில் மூடிக்கு அடியில் நசுங்கி அறுந்திருந்தது. அதுவும் கடையில் செல் போட்டு மூடிய அன்றே நடந்திருக்கும் என்றார். செல்லின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதன் பக்கத்தில் இருந்த செம்புக் கம்பிச் சுருளில், தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஒரு முனையில் பச்சைக் களிம்பேறி அறுந்திருந்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பை மின்னணுச் சில்லு நொடிக்கு ஒன்றாகக் குறைத்து அனுப்ப, அந்தத் துடிப்பை வாங்கி முள்ளை நகர்த்தும் வேலை இந்தச் சுருளுடையது. படிகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கணக்காக அதிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

செல்லைப் பற்றி அவர் சொன்னதைத் தனியாகவே எழுத வேண்டும். ஒரே அளவில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. 377 என்று எண்ணிட்டு வருவது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்டில் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக ஓடும். ஏஜி4 என்று வருவது ஆல்கலைன். விலை குறைவு, மின்னழுத்தம் சிறுகச் சிறுக இறங்கும், தீர்ந்தபின் உள்ளேயே கிடந்தால் கசியும். மலிவுக் கடிகாரங்களில் பெரும்பாலும் பின்னதைத்தான் தாம் பார்ப்பதாகச் சொன்னார். நொடி முள் தயங்கத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிட வேண்டுமாம். நான் அதைக் கவனிக்காமல் மூன்று வாரம் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"புது மெஷின் நூத்தம்பது ரூவாய்க்குப் போட்டுத் தரலாம் டீச்சர். ஆனா உடம்பு போச்சே, உசிரை மாத்தி என்ன செய்ய?" என்றார் பாய். உடம்பு என்று அவர் சொன்னது துத்தநாகக் கலவையில் வார்த்த கூடு. மேலே பூசிய முலாத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருந்தாலே போதும். வியர்வையும் உப்பும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, துத்தநாகம் அடியில் அரிபட்டு மேல்பூச்சு கொப்புளித்துவிடும். பின் மூடியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று பொறித்திருந்ததைப் படித்து முழுக் கடிகாரமும் எஃகு என்று நம்பியது என் பிழை. எஃகாக இருந்தது அந்த மூடி மட்டும்தான். எங்கள் ஊர்ப் பாலத்தைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குத் துருவோடு போராடுவதே வாழ்க்கையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தக் கடிகாரத்தை மோசம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட மாட்டேன். மதுரையில் கட்டினால் 320 ரூபாய்க்கு அது குறைவில்லாத பொருள். தீவிலோ, மண்டபம், கீழக்கரை, தொண்டி போன்ற கரையோர ஊர்களிலோ கட்டுவதற்கு உகந்ததன்று. நான் இப்போது கட்டியிருப்பது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த பழைய மாதிரி. கூடும் பட்டையும் பிசின் எனப்படும் பிளாஸ்டிக், நான்கு திருகுகளால் இறுக்கிய எஃகு மூடி, ஏழு ஆண்டுகள் உழைக்கும் என்று நிறுவனம் சொல்லும் செல். என்னிடம் ஓராண்டுக்கு மேலாகத் தவறாமல் ஓடுகிறது. இரவில் அதன் விளக்கு மின்மினிக்குக்கூட நிகராகாது. பட்டுப்புடவைக்கு அது பொருந்தவில்லை என்று வீட்டில் சொல்லாதவர் இல்லை. விலையும் முன்னதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இருந்தாலும் மாலையில் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து வைப்பதைத் தவிர அது என்னிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

பழைய கடிகாரத்திலிருந்து முட்களையும் அந்த எஃகு மூடியையும் பாய் எடுத்துத் தம் தகரடப்பாவில் போட்டுக்கொண்டார். பார்த்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாத்தனார் இந்தப் பங்குனியில் இராமேசுவரம் வருகிறார், அதே கடையில் இன்னொன்று வாங்க வேண்டும் என்கிறார். தாராளமாக வாங்கட்டும். 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவதற்கு முன், கையில் கட்டியிருப்பதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.